கிரிசெல்டாவின் மங்கு

மூன்றாம் அறையின் சாவி ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒடீலியாவின் கைக்கு வந்தது. ஜூன் மாதம். பேக்கர்ஸ்ஃபீல்டில் அந்த நேரத்துக்கே கார்க் கதவின் கைப்பிடி விரலைச் சுடும். கடைவரிசையில் ஒரு பக்கம் வரிக்கணக்கு எழுதிக்கொடுக்கும் ஆபீஸ், மறுபக்கம் தொர்த்தியா ரொட்டி சுடும் கடை, நடுவில் தோன்யா அம்பாரோவின் அழகு நிலையம். மங்கு, பரு வடு, அம்மைத் தழும்பு எதுவானாலும் நுண்ணூசியால் எடுத்துவிடுகிறோம் என்று முன்கண்ணாடியில் இளஞ்சிவப்பு எழுத்தில் இருக்கும்.

"பதினெட்டு மாசமாப் பூட்டியே கெடக்கு. எடுத்துக்க," என்றாள் தோன்யா அம்பாரோ. "வாடகைய நான் குடுக்கிறேன். செத்தவளா குடுக்கிறா?"

முன்மேசையில் உட்கார்ந்து போன் எடுக்கிற நொயேமி நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னடி தயங்குற? அவ புருஷன் பக்கத்துல படுக்கப் பயமில்ல, அவ ரூமுக்குள்ள நுழையப் பயமா?"

"உனக்கு வாய் மட்டும் இல்லேன்னா நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்," என்றாள் ஒடீலியா.

நொயேமி சிரித்தாள். ஒடீலியாவும் சிரித்தாள். கதவைத் திறந்ததும் அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது.

அறையில் பூட்டிக்கிடந்த வாடை. அதற்கடியில் தேங்காய் எண்ணெய் வாசனை, மிக லேசாக. கிரிசெல்டா தன் கைகளுக்குப் பூசிக்கொள்வது. பதினெட்டு மாதத்துக்குப் பிறகும் ஒரு வாசனை இருக்க முடியுமா என்று ஒடீலியா யோசித்தாள். சாய்வு நாற்காலியின் தோலில் ஊறியிருக்கும் என்று தனக்குத் தானே பதில் சொல்லிக்கொண்டு ஏசியைப் போட்டாள்.

கிரிசெல்டாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கடையில் அவளைப்போல ஊசி பிடிக்க ஆள் கிடையாது. பன்னிரண்டு மயிரிழை ஊசிகள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை ஏறி இறங்கும் அந்தப் பேனாவை அவள் முகத்தின் மேல் ஓட்டினால், படுத்திருப்பவள் பாதியில் தூங்கிவிடுவாள். "மூச்ச விடு ராணி, அடக்காத," என்று எல்லோரிடமும் சொல்லுவாள். ஊரில் பாதிப் பெண்களின் மங்கை எடுத்தவள் அவள். ஆனால் அவள் முகத்திலேயே மங்கு இருந்தது. இரண்டு கன்னங்களிலும் மேலுதட்டிலும் காபிக் கறை மாதிரி படர்ந்து, இடது கண்ணுக்குக் கீழே மட்டும் ஒரு பருப்பு அளவு வெள்ளையாக விட்டுவைத்திருந்தது. கர்ப்பத்தில் வந்த மங்கு. ஆறாம் மாதத்தில் குழந்தை போயிற்று, மங்கு போகவில்லை. அதை எடுத்துக்கொள்ள அவள் முழுமனதாக ஒருநாளும் முயன்றதில்லை. கறை படிந்த முகத்தை வைத்துக்கொண்டு கறை எடுக்கிற வியாபாரமா என்று தோன்யா திட்டும்போது மட்டும், செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒடீலியாவின் நாற்காலியில் வந்து படுப்பாள்.

ஒடீலியாவின் முகத்தில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. அதில் அவளுக்கு நிறையப் பெருமை. அந்தப் பெருமை ஒரு சாயங்காலம் செத்தது.

அன்று கிரிசெல்டாவை அழைத்துப்போக அவள் புருஷன் எஃப்ராயின் வந்திருந்தான். பாதாம் தோட்டங்களில் தண்ணீர்ப் பம்பு ரிப்பேர் செய்கிறவன். கையெல்லாம் கிரீஸ். சட்டையில் விரலைத் துடைத்துவிட்டு, சுத்தமாக இருந்த கட்டைவிரலால் மனைவியின் கன்னத்து மங்கை ஒருதரம் தடவினான். அழிக்கிறவன் மாதிரி இல்லை. இருக்கிறதா என்று பார்க்கிறவன் மாதிரி. ஒடீலியா கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்தாள். என் முகத்தை இதுவரை யாரும் இப்படித் தொட்டதில்லை என்று நினைத்தாள். அதற்கப்புறம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

டிசம்பர் பனிமூட்டத்தில், தொண்ணூற்றொன்பதாம் எண் நெடுஞ்சாலையில், முன்னால் நின்ற லாரி தெரியாமல் மோதி கிரிசெல்டா செத்தாள். ஒடீலியா அழுதாள். பொய் அழுகை இல்லை. ஆனால் அழுகைக்கு நடுவிலேயே எஃப்ராயினுக்கு யார் சமைத்துப்போடுவார்கள் என்று கணக்குப் போட்டுவிட்டாள். முதலில் சூப் கொண்டுபோனாள். பிறகு துணி துவைத்தாள். இந்த மார்ச்சில் கோர்ட்டில் வைத்துக் கல்யாணம்.

எஃப்ராயின் நல்லவன். அடிக்க மாட்டான், குடிக்க மாட்டான். சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து தருவான். மூன்று மாதத்தில் அவன் ஒருதரம்கூட அவள் கன்னத்தைத் தொடவில்லை. சாப்பிடும்போது பார்வை அவள் முகத்தில் விழும், வழுக்கிக்கொண்டு சுவருக்குப் போய்விடும். பிடிமானமே இல்லாத முகம் போல.

செத்தவள் மேல் பொறாமைப்படுவது மாதிரி ஒரு வியாதி கிடையாது. உயிரோடு இருப்பவள் கிழவியாவாள், சண்டை போடுவாள், வாய் நாறும். செத்தவளுக்கு அதெல்லாம் கிடையாது.

அறையைத் துடைக்கும்போது கீழ் இழுப்பறையில் அந்தக் குப்பி கிடைத்தது.

அது கடைப் பெண்களுக்குள் ஒரு ரகசிய வழக்கம். வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொரு தடவையும் புது ஊசித்தலை. அவர்கள் கண்முன்னால் உறையைக் கிழித்து, முடிந்ததும் சிவப்பு டப்பாவில் போட்டுவிடுவார்கள். ஆனால் செவ்வாய்க்கிழமை மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் ஒருத்தி முகத்துக்கு ஒருத்தி செய்துகொள்ளும்போது, ஒரே ஊசித்தலையை நான்கு தடவை வைத்துக்கொள்வார்கள். ஸ்பிரிட் ஊற்றிய சின்னக் குப்பியில் போட்டு, ஒட்டுநாடாவில் பேர் எழுதி ஒளித்துவைப்பார்கள். தோன்யாவுக்குத் தெரிந்தால் அன்றே சீட்டுக் கிழியும்.

குப்பியில் ஸ்பிரிட் வற்றியிருந்தது. ஊசித்தலை அடியில் உலர்ந்து கிடந்தது. நாடாவில் கிரிசெல்டாவின் உருண்டைக் கையெழுத்து. ஒரே ஒரு கோடு கிழித்திருந்தாள். ஒருதரம்தான் உபயோகித்தது.

ஒடீலியா அதைக் குப்பையில் போட்டிருக்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக இந்தத் தொழில் செய்கிறவள். அடுத்தவள் தோலுக்குள் போய்வந்த ஊசியைத் தன் முகத்தில் வைக்கக்கூடாது என்று புதுப்பெண்களுக்குக் கற்றுக்கொடுப்பவளே அவள்தான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை மத்தியானம், அந்த ஊசித்தலையைப் புது ஸ்பிரிட்டில் ஊறவைத்துப் பேனாவில் மாட்டினாள். கிரிசெல்டாவின் நாற்காலியை எடுத்தாயிற்று. அவள் வாடிக்கையை எடுத்தாயிற்று. அவள் புருஷனை எடுத்தாயிற்று. அவனைக் கட்டிப்போட அவள் முகத்தில் என்ன இருந்ததோ, அது மட்டும்தான் பாக்கி.

அறிவுள்ளவள் செய்கிற காரியம் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த நாற்காலியில் அறிவு உட்கார்ந்திருக்கவில்லை.

மரத்துப்போகும் க்ரீம் பூசி, துடைத்து, ஆழத்தை அரை மில்லிமீட்டரில் வைத்து, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு ஓட்டினாள். பேனா வண்டுபோல ரீங்கரித்தது. நெற்றி. வலது கன்னம். இடது கன்னத்தின் மேல்பகுதிக்கு வந்தபோது பேனா தானாக ஒரு சின்ன வளைவு எடுத்தது. கண்ணுக்குக் கீழே ஒரு பருப்பு அளவு இடத்தைத் தொடாமல் சுற்றிப் போயிற்று.

அவள் மறுபடி அந்த இடத்துக்குக் கொண்டுபோனாள். மறுபடியும் சுற்றிப் போயிற்று.

கை அசந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு நிறுத்தினாள்.

ஒன்பதாம் நாள் மேலுதட்டில் ஒரு நிழல் தெரிந்தது.

எஃப்ராயின் சமையலறைக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தான். திரும்பியவன் அப்படியே நின்றான். விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"வெயில்ல நின்னியா?"

"இல்லையே. ஏன்?"

அவன் கிட்டே வந்தான். ஈரக் கட்டைவிரலை அவள் கன்னத்தில் வைத்து மெதுவாக ஒருதரம் இழுத்தான். ஒடீலியா கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு வருடம் ஒரு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று காத்திருந்தது அந்த விரலுக்குத்தான்.

"அழகா இருக்க," என்றான்.

அந்த ஜூலை மாதத்தில் அவள் சந்தோஷமாக இருந்தாள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மங்கு வளர்ந்தது. அவனும் பேச ஆரம்பித்தான். வேலையில் நடந்ததைச் சொன்னான், சமைக்கும்போது பின்னால் வந்து நின்றான், ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குக் கையைப் பிடித்து அழைத்துப்போனான். மாங்காயில் மிளகாய்ப்பொடி தூவி வாங்கிக் கொடுத்தான். அவளுக்குப் புளிப்பு ஆகாது. தின்றாள்.

"என்செனாடா கடற்கரையில உன் செருப்ப ஒரு நாய் தூக்கிட்டு ஓடுச்சே, ஞாபகம் இருக்கா?" என்றான் ஒருநாள், சிரித்துக்கொண்டே. "மீன் தாக்கோ விக்கிறவன் கரண்டியோட தொரத்திட்டுப் போனானே!"

ஒடீலியா என்செனாடாவுக்குப் போனதே இல்லை.

"இருக்கு," என்றாள்.

சொன்ன அந்த நொடியில் ஏதோ ஒன்று அவள் தோலுக்கடியில் திருப்தியோடு அசைந்தது. கன்னத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி. கையை வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

கடையில் அவ்வளவு சுலபமாக விடவில்லை.

"நல்லாருக்கு போ. சோப்பு விக்கிறவ அழுக்கா நிக்கிற மாதிரி," என்றாள் நொயேமி. "பவுடரையாவது பூசிக்கிட்டு வா. தோன்யா பாத்தா உன் படத்த ஜன்னல்ல 'சிகிச்சைக்கு முன்பு'ன்னு எழுதி ஒட்டிடுவா." பிறகு இன்னும் கிட்டே வந்து பார்த்தாள். அவள் பார்வை ஒடீலியாவின் இடது கண்ணுக்குக் கீழே போய் நின்றது. வாயிலிருந்த சூயிங்கத்தை மெல்லுவதை நிறுத்தினாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல," என்றாள் நொயேமி. அவள் ஒண்ணுமில்லை என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. அதற்கப்புறம் மூன்றாம் அறைக்குள் அவள் வரவில்லை. வாடிக்கையாளர்களைக் கதவு வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விடுவாள்.

அந்த வாரம் வந்தவள் சென்யோரா உர்பானோ. திராட்சை பேக்கிங் ஷெட்டில் மேஸ்திரி. கண்களின் மேல் ஈரப் பஞ்சு வைத்துப் படுத்திருந்தாள். பாதியில் புன்னகைத்தாள்.

"இன்னிக்கு ரெண்டு பேர் செய்றீங்க போல?"

"நான் மட்டும்தான் சென்யோரா."

"சும்மா சொல்லாத. நெத்தியப் பிடிச்சிருக்கிற கை சில்லுனு இருக்கு. தேங்கா வாசனை வேற." பெருமூச்சு விட்டாள். "அந்தக் கைதான் சுகமா இருக்கு. அதையே செய்யச் சொல்லு."

ஒடீலியாவின் ஒரு கையில் பேனா இருந்தது. இன்னொரு கை அவளுடைய சொந்த முழங்காலின் மேல் இருந்தது.

வாடிக்கையாளர் போன பிறகு கதவைத் தாழிட்டுவிட்டு டேப்லெட்டைத் திறந்தாள். ஒவ்வொரு முகத்தையும் அதே நாற்காலியில், அதே வட்ட விளக்கில் படம் பிடித்து வைப்பது கடை வழக்கம். கிரிசெல்டாவின் படத்தைத் தேடி எடுத்தாள். தன்னைப் படம் பிடித்துப் பக்கத்தில் வைத்தாள்.

மங்கின் ஓரம், வளைவு, மேலுதட்டில் நடுவில் விட்ட இடைவெளி, எல்லாம் ஒன்று. இவளுடைய வேறு எலும்பின் மேல் அவளுடைய முகத்தை விரித்துப் போட்டதுபோல.

பயம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அந்தக் கட்டைவிரல் இந்த ஒரு மாதமாக இவளைத் தொடவே இல்லை. இவள் வெறும் சுவர். மேலே மாட்டியிருந்த படத்தை அவன் தடவிக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் கேட்டாள்.

"எஃப்ராயின், என் பேர் சொல்லிக் கூப்பிடு."

"எதுக்கு?"

"சும்மா சொல்லு."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். நிஜமாகவே தேடினான். நாக்கு நுனியில் இருக்கிறது, கிடைக்கவில்லை என்கிற தவிப்பு.

"பேர்ல என்ன இருக்கு, என் செல்லம்," என்று சொல்லி முத்தமிட்டான். மங்கின் மேல்.

களிம்பு போட்டாள். அமிலம் போட்டாள். ஜன்னலுக்கெல்லாம் அலுமினியத் தாள் ஒட்டினாள். மங்கு இன்னும் கறுத்தது. மங்குக்கு ஆழமாக ஊசி போடக்கூடாது, போட்டால் தோல் ரணமாகி இரண்டு மடங்காகக் கறுக்கும் என்று தொழிலில் முதல் நாளே சொல்லித் தருவார்கள். அவளுக்குத் தெரியும். ஆனால் இது மங்கு இல்லை. உள்ளே உட்கார்ந்திருப்பவளைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

ஆகஸ்ட்டின் முதல் ஞாயிறு. கடைக்கு விடுமுறை. எஃப்ராயினிடம் பூசைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். மத்தியானம் பன்னிரண்டு மணி. முன்கண்ணாடியில் வெயில் வெள்ளையாக அடித்தது. மூன்றாம் அறையில் எல்லா விளக்கையும் போட்டாள். மூலையில்கூட நிழல் இல்லாமல் பார்த்துக்கொண்டாள். புது ஊசித்தலை மாட்டினாள். ஆழத்தைத் திருகி இரண்டரை மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தாள்.

மரத்துப்போகும் க்ரீமைக் கெட்டியாக, இமை வரைக்கும் பூசினாள். நாற்பது நிமிடம் கண் திறக்க முடியாது. நாற்காலியில் சாய்ந்தாள்.

இவ்வளவு வெளிச்சத்துக்கு நடுவில் கண்ணை மூடினால் வருகிற இருட்டு சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்பில் ஏசியின் இரைச்சல். தொர்த்தியாக் கடையின் இயந்திரம் எங்கோ தடதடத்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடையும் கிடையாது என்பது கொஞ்சம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. முகம் மெல்ல மெல்ல மரத்தது. முதலில் உதடு போயிற்று. பிறகு கன்னம். பிறகு மூக்கு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. தன் முகம் இருந்த இடத்தில் ஒரு காலி இடம் இருப்பதுபோல இருந்தது.

சக்கர ஸ்டூல் உருண்டது.

சுவரோரம் இருந்தது. தலைமாட்டுக்கு வந்து நின்றது.

சிவப்பு இருட்டின் மேல் ஒரு நிழல் குனிந்தது.

தேங்காய் வாசனை.

"மூச்ச விடு ராணி," என்றது காதருகே. "அடக்காத."

ஒடீலியாவுக்கு வாய் மரத்திருந்தது. வார்த்தை குழறி வந்தது.

"போயிடு."

"நானா வந்தேன்? நீதானே என்னக் கொண்டுபோய் வெச்ச."

"என் முகம் எனக்கு வேணும்."

"உன் முகம் எனக்கெதுக்குடி?" குரலில் கோபம் இல்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானங்களில் வம்பு பேசும் அதே அலுத்த, அன்பான குரல். அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. "எவ்வளவு எடுத்த நீ. நான் ஏதாவது கேட்டேனா? கடைசியா என் மங்கையும் எடுத்துக்கிட்ட. இப்ப அதுவும் வேணாங்குற."

"அவன் என் புருஷன்."

தலைமாட்டில் சக்கர ஸ்டூல் கிறீச்சிட்டது.

"சரி," என்றது குரல். "உனக்கு முகம்தானே வேணும்? முகத்த நீ வெச்சுக்க."

ஒடீலியா துணியால் க்ரீமை அள்ளித் துடைத்துக் கண்ணைத் திறந்தாள்.

அறையில் யாரும் இல்லை.

ஸ்டூல் தலைமாட்டில் இருந்தது.

பேனாவை எடுத்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். ஓட்டினாள். இந்தத் தடவை பேனா எங்கும் வளைந்து போகவில்லை. கண்ணுக்குக் கீழே இருந்த அந்த வெள்ளை இடத்தின் மேலும் நேராக ஏறியது. ரத்தம் புள்ளி புள்ளியாக வந்தது, பிறகு கோடாக வந்தது, பிறகு மோவாயிலிருந்து சொட்டியது. மரத்தது தெளிந்து வலி வந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. பற்களைக் கடித்துக்கொண்டு, ஒரு பாத்திரத்தின் அடிப்பிடித்ததைச் சுரண்டுகிறவள்போலச் சுரண்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் பின்னறையில் படுத்தாள். முகம் வீங்கிக் கண் மூடிக்கொண்டது. எஃப்ராயினிடம் கதவுக்குப் பின்னாலிருந்தே அலர்ஜி என்று சொன்னாள்.

"ம்," என்றான். வேறொன்றும் கேட்கவில்லை.

அவன் கேட்காததைப் பற்றி அவளுக்கு அப்போது நினைக்கத் தெம்பில்லை. காலையில் அவன் வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும். சாயங்காலம் திரும்பும் சத்தம் கேட்கும். வரும்போது விசிலடித்துக்கொண்டு வந்தான். அவன் இல்லாதபோது அவள் சமைத்து வைத்த சாப்பாடு தட்டிலேயே கிடந்தது.

"பசிக்கலையா?"

"மத்தியானமே நல்லா சாப்பிட்டாச்சு," என்றான், அவள் இருந்த கதவைப் பார்க்காமல்.

ஐந்தாம் நாள் பொருக்கு உதிர ஆரம்பித்தது. ஒன்பதாம் நாள் குளியலறைக் கண்ணாடியில் பார்த்தாள். கறுத்திருக்க வேண்டிய தோல் வெண்ணெய் மாதிரி இருந்தது. மங்கு இல்லை. ஊசி தோண்டிய வடு இல்லை. நெற்றியில் பத்து வருடமாக இருந்த சுருக்கம்கூட இல்லை. இருபது வயதில்கூட அவளுக்கு அப்படி ஒரு முகம் இருந்ததில்லை. அவள் சத்தமாகச் சிரித்தாள். நான் ஜெயித்தேன் என்று கண்ணாடியிடம் சொன்னாள்.

அன்று பதினொன்றரைக்கு நொயேமி போன் செய்தாள்.

"ஏண்டி, உடம்பு சரியில்லன்னு லீவு போட்டா வீட்டுல கெடக்கணும். ஒரு வாரமா வந்த ஆளையெல்லாம் நான் திருப்பி அனுப்பிட்டிருக்கேன், நீ என்னடான்னா தெனம் மத்தியானம் பார்க்கிங்ல வண்டிக்குள்ள உக்காந்து புருஷனோட கொஞ்சிக்கிட்டிருக்க. எங்களுக்குக் கண்ணு இல்லையா?"

ஒடீலியா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"யாரு?"

"நீதான். எஃப்ராயின் வண்டிதான். வண்டிக்குக் கறுப்புக் கண்ணாடி, உள்ள முகம் சரியாத் தெரியல. ஆனா அவன் சிரிக்கிறது ரோடு வரைக்கும் கேக்குது. இவ்வளவு சிரிப்பானா அந்தாளு? தோன்யா கடுப்புல இருக்கா. பேசாம வந்து சேரு."

மத்தியானத்தில் எஃப்ராயின் கடைக்கு வந்ததே கிடையாது. இந்த ஐந்து மாதத்தில் ஒருநாள்கூட.

யாரோ ஒருத்தி. உயிரோடு இருக்கிற, ரத்தமும் சதையுமான ஒருத்தி. அந்த நினைப்பு அவளுக்குக் கிட்டத்தட்ட ஆறுதலாக இருந்தது. உயிரோடு இருப்பவளைத் தலைமயிரைப் பிடித்து வண்டியிலிருந்து இழுத்துவிடலாம். நீலச் சட்டையை மாட்டிக்கொண்டாள். உதட்டுச் சாயம் பூசினாள். இந்த முகத்தை அவன் பார்க்கட்டும். அவளும் பார்க்கட்டும்.

கடைவரிசைக்கு வந்தபோது மணி பன்னிரண்டே கால். நூற்றெட்டு டிகிரி. தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. வாகன நிறுத்தத்தின் கோடியில், ஒற்றை மரத்தடியில், எஃப்ராயினின் வெள்ளை டிரக் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க நின்றது. முன்கண்ணாடி வழியாக அவன் தெரிந்தான். கையை ஆட்டி ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தான். தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான்.

பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை.

குனிந்திருப்பாள், ஒளிந்திருப்பாள் என்று நினைத்தாள். ஓடிவந்து அவன் பக்கத்துக் கண்ணாடியை முஷ்டியால் தட்டினாள்.

கண்ணாடி இறங்கியது. குளிர்ந்த காற்று அவள் முகத்தில் அடித்தது. உள்ளே எட்டிப் பார்த்தாள். காலி இருக்கை. அந்தப் பக்கத்து ஜன்னல் முழுசாகத் திறந்திருந்தது. இருக்கையின் மேல் விரித்த காகிதத்தில் ஒரு புரிட்டோ, பாதி தின்ற நிலையில்.

"எங்கடா அவ?"

எஃப்ராயின் அவளைப் பார்த்தான். அவன் கண்ணில் கோபம் இல்லை, பயம் இல்லை, பிடிபட்டவனின் குற்றமும் இல்லை. தெரியாத ஒருத்தர் வழி கேட்டால் வருகிற மரியாதை மட்டும் இருந்தது.

"சொல்லுங்க சென்யோரா."

"எஃப்ராயின். நான்தான். ஒடீலியா."

அந்தப் பேரை அவன் ஒருதரம் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தான். ஒன்றும் கிடைக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"கடைக்கு வந்தீங்களா? மூணாம் ரூம்." தன் பக்கத்து இருக்கையைத் தலையால் காட்டினான். "என் பொண்டாட்டிதான் அங்க பாக்குறா. சாப்பிட்டுட்டு இருக்கா. ஒரு மணிக்கு வந்துடுவா."

"என்னப் பாரு. என் மூஞ்சியப் பாரு!"

அவன் பார்த்தான். பொறுமையாக, நெற்றி, கன்னம், மேலுதடு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். உதவி செய்ய விரும்புகிற நல்ல மனுஷன். அவன் எப்போதுமே நல்லவன்.

"உங்களுக்கு எதுக்குங்க ஊசி?" என்றான். "ஒரு கறைகூட இல்லையே."

அவன் திரும்பித் தன் மீதிச் சாப்பாட்டை இரண்டு கையாலும் எடுத்து வாயில் வைத்தான்.

அந்தப் பக்கத்து ஜன்னலில், உள்ளே யாருக்கோ வெக்கை அடித்ததுபோல, கண்ணாடி மெதுவாக மேலே ஏறி மூடிக்கொண்டது.